கவலை போன கதை

வா கண்ணு, உக்காரு. கட்டல்ல வேண்டாம், கயிறு தளந்து கெடக்குது. அதுல உக்காந்தா உன்னைத் தூக்கி நிறுத்த இன்னொரு மிசினு வாங்கோணும். திண்ணையிலயே உக்காரு.

நீ கொண்டாந்த கொட்டேசனை ராத்திரி முச்சூடும் படிச்சேன். நாலு ஏக்கரா தோட்டத்துக்குப் பன்னண்டு பக்கம். எங்க அய்யன் இந்தத் தோட்டத்தை வாங்குன கிரயப் பத்திரமே மூணு பக்கந்தான், அதுல ஒண்ணு முச்சூடும் சாட்சிக் கையெழுத்து. பெங்களூர்ல பதினோரு வருசம் கம்ப்யூட்டர் தட்டிப்போட்டு வந்தவன் தோட்டத்துல எறங்கறேன்னு சொன்னதும் உங்க அம்முச்சி மாரியாத்தாளுக்கு மாவிளக்கு வேண்டிக்கிட்டா. நீ எறங்குனதுக்கா, சீக்கிரம் ஏறிப் போகோணும்னா, அதை நான் கேக்கலை.

மொத ஐட்டம், மண்ணுல ஈரம் பாக்கற குச்சி. குத்தி வெச்சா போனுக்குச் சேதி வருமாமா. எனக்கு இந்தச் சேதி கால் கட்டைவெரல்ல வரும். செருப்பைக் கழட்டிப்போட்டுப் பாத்தியில சித்த நேரம் நின்னாப் போதும். ஆனா என்ற கட்டைவெரலுக்கு எவனும் மானியம் தர மாட்டான். நீ குச்சியே வாங்கு.

அந்தக் கம்பெனிக்காரங்க மொதப் பக்கத்துல விவசாயத்தோட சரித்திரம்னு படம் வேற போட்டிருக்கறாங்க. சுருட்டை மயித்தோட ஒரு தொரை நிக்கறாரு, ஜெத்ரோ டல்லாமா. 1701 வாக்குல இங்கிலாந்துல விதைக்கற கருவி செஞ்சவரு. அவரு ஏன் செஞ்சாருன்னு உன்ற கொட்டேசன்ல இல்லை, நான் சொல்றேன். வரிசையாக் குழி போட்டு விதைங்கடான்னு சொன்னா ஆளுக கேக்கலை. அந்தக் கோவத்துல மிசினையே செஞ்சுப்போட்டாரு. பாத்தியா, ஆளு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குதுங்கற பொலம்பல் நம்ம டீக்கடையில பொறந்ததுன்னு இத்தனை நாளா நெனச்சிருந்தேன்.

அதுக்குத் தொண்ணூறு வருசம் கழிச்சு, 1790கள்ல, ஹால்காட்டுன்னு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் நம்ம தெசையில இருந்தாரு. விதைக்கற ஏருன்னா அது ஐரோப்பாக்காரங்க புதுசாக் கண்டதுன்னு நெனச்சவரு, தெலுங்கு நாட்டுப் பக்கம் ஒரு காட்டுல சம்சாரிக அதே வேலையைச் சாவகாசமாப் பண்ணிக்கிட்டிருந்ததைப் பாத்துப்போட்டாரு. மூணு மூங்கிக் கொழாய், மேல ஒரு மரக்கிண்ணம், கூடவே நடந்து வந்து விதையை விடற பொம்பளை. கொர்ருன்னு அதுக்குப் பேரு. அசந்து போயி அதைப் பத்தி எழுதி வெச்சாரு. தரம்பால்ங்கறவரு தேடி எடுத்து 1971ல அச்சுப் போட்ட புஸ்தகத்துல அந்தக் கடுதாசி இருக்குது. உன்ற கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லிப் படத்துல தொரைக்குப் பக்கத்துல அந்தப் பொம்பளையையும் நிக்க வெக்கச் சொல்லு. முடியாதும்பாங்க. அந்தம்மாளுக்குப் பேரு தெரியாதே.

நான் மிசினுக்கு எதிரி இல்லை சாமி. பழசே நல்லதுன்னு பேசறவன் எவனாச்சும் உன்ற கிட்ட வந்தா, "ஏனுங்க, நீங்க கவலை ஓட்டியிருக்கறீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. எந்திரிச்சுப் போயிருவான்.

கவலைன்னா மனசுல வர்றது இல்லை. தெக்கத்திக்காரங்க கமலைம்பாங்க. கெணத்து வாயில ரெண்டு தூணு, குறுக்குச் சட்டம், அதுல ஒரு மர உருளை. அதுக்குக் கீழ, கெணத்து ஓரமா ஒரு நீள உருட்டுக்கட்டை. தண்ணி மொள்ளறதுக்குத் தோல்ல தச்ச பறி. பறிக்கு அடியில ஆனைத் தும்பிக்கையாட்ட தோல்ல ஒரு வாலு. பறியைத் தூக்கறது வடக்கயிறு, மேல உருளையில போகும். வாலைப் புடிச்சு நிமித்தி வெக்கறது வால்கயிறு, அது கீழ்க்கட்டையில போகும். ரெண்டு கயிறும் ஒரே நுகத்தடியில போயி முடியும். மாடு ரெண்டும் வாரியில, அதாவது சரிவா வெட்டுன எறக்கத்துல, கீழ எறங்குனாப் பறி மேல வரும். வாலு மடிஞ்சு நிமுந்துக்கிட்டு வர்றதுனால தண்ணி ஒழுகாது. மேல வந்ததும் பறி உருளைக்கு ஏறும், வாலு கீழ்க்கட்டையைத் தாண்டித் தொட்டிக்குள்ள நீண்டு படுக்கும், தண்ணி தானாக் கொட்டும். பறியைக் கவுக்கறதுக்குன்னு ஒரு ஆளு நிக்க வேண்டியதில்லை. ரெண்டு கயித்தோட நீளத்துல இருக்கற வித்தியாசம், சூட்சுமம் அவ்வளவுதான். இதை ரோசனை பண்ணுன தலை எந்த ஊருத் தலையோ. உன்ற கொட்டேசன்ல படம் போடற மாதிரி தொப்பி வெச்ச தலையா இருந்திருக்காது.

மாடு எறங்கையில ஓட்டறவரு வடக்கயித்து மேலயே ஏறி உக்காந்துக்குவாரு. அவரு எடையும் சேந்து இழுக்கும். கீழ போனதும் குதிச்சு எறங்கி, மாட்டைப் பின்நடையா மேல ஏத்தோணும். ஒரு நடைக்கு ஏழெட்டுக் கொடம் தண்ணி. பொழுது முச்சூடும் ஓட்டி அரை ஏக்கரா நனைஞ்சாப் பெரிசு.

எங்க அய்யன் ஓட்டுனாருன்னு சொல்லிக்க எனக்கும் ஆசைதான். ஓட்டுனது பண்ணையத்துல இருந்தவரு. வருசக் கூலி, கம்பும் சோளமும். வெள்ளி மொளைக்கையில கவலை பூட்டுவாரு, பாட்டுச் சத்தம் கேக்கும். அய்யன் கட்டல்ல படுத்துக்கிட்டு அதை ரசிப்பாரு. இன்னிக்கு மேடையில கவலைப் பாட்டுன்னு பாடிக் கைதட்டு வாங்கறாங்களே, அவரு கைதட்டுக்குப் பாடலை கண்ணு. தூக்கம் வராம இருக்கறதுக்கும், எத்தனை பறி ஆச்சுன்னு கணக்கு வெக்கறதுக்கும் பாடுனாரு. பாட்டு நின்னா அய்யன் முழிச்சுக்குவாரு. அந்தக் காலத்து சென்சாருன்னா அதுதான், மண்ணுல குத்தலை, மனுசனுக்குள்ள குத்தியிருந்துச்சு.

வெய்யில் ஏறுனா மாட்டுக்கு நொரை தள்ளும். அவுத்து நெழல்ல கட்டி, தட்டு அள்ளிப் போட்டாத்தான் பொழுதோட மறுக்கா வரும். அந்நேரம் வரைக்கும் கெணறும் படுத்துத் தூங்கும், ஊத்து ஊறிக்கிட்டுக் கெடக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கோ, பொறவு வர்றேன்.

1932ல பைக்காராவுல கரண்டு எடுத்தாங்க. அது கம்பி வழியா நீலகிரியை எறங்கி, மொதல்ல கோயமுத்தூரு மில்லுகளுக்குப் போச்சு. பொறவு கெணத்துக்கு வந்துச்சு. 1937ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேந்து கோயமுத்தூர்லயே கரண்டு மோட்டாரு செஞ்சாங்க. இந்த நாட்டுலயே செஞ்ச மொத மோட்டாரு அதுதாம்பாங்க. அதுக்கப்பறம் பட்டறை பட்டறையாப் பெருகி, இன்னிக்குப் பம்புசெட்டுன்னாலே கோயமுத்தூருன்னு ஆகிப்போச்சு. நீ பெங்களூர்ல ஸ்டார்ட்டப்பு ஸ்டார்ட்டப்புங்கறே. எங்களுக்குத் தெரிஞ்சது ஸ்டார்ட்டருதான். மோட்டார் ரூமு செவுத்துல இருக்கும், பச்சைப் பொத்தான் ஒண்ணு, செவப்புப் பொத்தான் ஒண்ணு.

நம்ம தோட்டத்துக்கு மோட்டாரு வந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. நோம்பி மாதிரி இருந்துச்சு. எங்கம்மா மோட்டாருக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, குங்குமம் வெச்சு, தேங்கா ஒடைச்சா. கட்டுத்தரையில மாடு ரெண்டும் நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. எங்க அய்யன் பச்சைப் பொத்தானை அமுக்குனாரு. வந்துச்சு பாரு தண்ணி! வாய்க்கா என்னடான்னா கவலைத் தண்ணிக்கு வெட்டுன வாய்க்கா, நாலு வெரல் தண்ணிக்குப் பழகுனது. அரை நாழிகையில கரை ஒடைச்சுக்கிட்டு, பக்கத்துத் தோட்டத்துச் சோளத்துக்குள்ள போயிருச்சு. திறப்பு விழாவுக்கு வந்த ஒறம்பரை அத்தனை பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மம்முட்டியோட நின்னோம்.

மத்தியானம் மூணு மணிக்கு மோட்டாரு ஓடுது, தண்ணி வரலை. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா, புட்வால்வு அந்தரத்துல தொங்குது. மாடு ரெண்டும் அஞ்சு நாள்ல எறைக்கறதை ஒரே நாள்ல எறைச்சாச்சு. அய்யன் கரையில நின்னு கீழயே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் சொன்னாரு, "கெணறு ஆழம் பத்தாதப்பா."

அன்னிக்கு ஆரம்பிச்சோம். நாப்பத்தஞ்சு அடி கெணத்துக்கு வேட்டு வெச்சு அறுவது, அறுவதுல இருந்து தொண்ணூறு. பாறையை ஒடைச்சு மேல போட்ட கல்லு இன்னமும் மேக்கால குமிஞ்சு கெடக்குது, நீ அதுல நின்னு செல்பி எடுத்தியே, அதுதான். மாடு மூச்சு வாங்குனாத் தெரியும். மோட்டாரு மூச்சே விடாது, காயில் கருகுன வாசம் வந்தாத்தான் அதுக்கு முடியலைன்னே தெரியும். இதைத்தான் ஞாபகம் வெச்சுக்கோன்னேன்.

இந்த மாட்டுக்கதை முடியலை, கேளு. கவலை போனதும் அதுகளை வண்டிக்குப் பூட்டுனோம். கரண்டு ரேட்டை ஏத்துனாங்க. ஒரு பைசா ரெண்டு பைசாக் கணக்கு, ஆனா அன்னிக்கு அது காசு. வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு விவசாயிக சங்கத்தைக் கூட்டுனாரு. 1972ல கோயமுத்தூரு டவுனுக்குள்ள மாட்டுவண்டியை ஓட்டிக்கிட்டுப் போயி ரோட்டை மறிச்சோம். எந்த ரோட்டைப் பாத்தாலும் வண்டி. போலீசுக்காரங்க மனுசனைத் தூக்கி வேன்ல போட்டுருவாங்க, பூட்டுன மாட்டை என்ன பண்ணுவாங்க? எனக்கு இருவத்தாறு வயசு. நானும் வண்டி ஓட்டிக்கிட்டுப் போனேன். நஞ்சப்பா ரோட்டுல வண்டியை அவுத்துப்போட்டு உக்காந்திருக்கையிலதான் மாட்டோட மூஞ்சியை ஒருக்கா உத்துப் பாத்தேன். அட மாடே, உன்ற பொழப்பைக் கெடுத்தது மோட்டாரு. அந்த மோட்டாருக்குத் தீனி மலிவாக் கெடைக்கோணும்னு நீ இருவது மைலு நடந்து வந்து வெய்யில்ல நிக்கறே. அது அசை போட்டுக்கிட்டே என்னைப் பாத்துச்சு. அதுக்கு ஓட்டு இருந்திருந்தா எவனுக்குப் போட்டிருக்கும்னு இன்னிக்கும் எனக்கொரு சந்தேகம்.

நாராயணசாமி நாயுடு 1984ல போயிட்டாரு. அந்த வருசமே சிறு விவசாயிக்குக் கரண்டு இலவசம்னு ஆச்சு. 1990ல எல்லா விவசாயிக்கும். இலவசம்னு சொன்னதும் என்ன ஆச்சுங்கறே? அது வரைக்கும் செவப்புப் பொத்தானை அமுக்க ஒரு காரணம் இருந்துச்சு, பில்லு. அதுவும் போச்சு. நான் எதிர்க்கலை, நானும்தான் அனுபவிச்சேன். அந்தச் சலுகை இல்லைன்னா உங்கம்மா காலேஜ் போயிருக்க மாட்டா, நீ பெங்களூர் போயிருக்க மாட்டே. ஆனா பூமிக்கு அரசாணையெல்லாம் படிக்கத் தெரியாது கண்ணு.

தொண்ணூறு அடிக் கெணறு காஞ்சதும் போரு. திருச்செங்கோட்டுல இருந்து ரிக்கு வண்டி வந்துச்சு. அந்த ஊரு வண்டி ஓட்டாத மாநிலம் இல்லை, ஆப்பிரிக்கா வரைக்கும் போயி ஓட்டை போட்டுப்போட்டு வர்றாங்க. வண்டி வர்றதுக்கு மொத நாளு தேங்கா வெச்சு நீரோட்டம் பாக்கறவரு வந்தாரு. உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சு நடப்பாரு. எங்க தேங்கா எந்திரிச்சு நிக்குதோ அங்க தண்ணி. தென்னைமரத்துக்குக் கீழ எந்திரிச்சு நின்னுச்சு. அந்தத் தேங்கா அந்த மரத்துத் தேங்காதான், அம்மாளைப் பாத்ததும் எந்திரிச்சுச்சோ என்னமோ. அறநூறு அடி போட்டோம், வெறும் பொகை. ரெண்டாவது எடத்துல எட்டுநூறு அடி, ஒண்ணரை இஞ்சித் தண்ணி. அதுவும் நாலு வருசத்துல நின்னு போயி, கம்ப்ரசர் வெச்சுக் காத்தை உள்ள ஊதி, தண்ணியை இருமி இருமித் துப்ப வெச்சோம். மூணாவது ஆயிரத்து நூறு. அடிக்கு இத்தனைன்னு ரேட்டு பாத்தியா, தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும் காசு. உன்ற கம்ப்யூட்டர் தொழில்ல கூட இப்பிடி ஒரு ஒப்பந்தம் இருக்காது.

இதுல கொடுமை, எந்திரிக்கற நேரம் மாறவே இல்லை. அன்னிக்குக் கவலைக்கு மூணு மணிக்கு எந்திரிச்சாங்க. இப்ப மும்முனை கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வருதுன்னு நான் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு, பாம்பை மிதிச்சுருவமோன்னு காலைத் தட்டித் தட்டிப் போறேன். அன்னிக்காச்சும் பாட்டு இருந்துச்சு.

அதுக்குத்தான் அப்புச்சி, போன்ல அமுக்குனா மோட்டாரு ஓடற ஸ்டார்ட்டருங்கறே. வாங்கு. அதுல மட்டும் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா மடை மாத்தறதுக்குப் போன்ல பொத்தான் இருக்குதா? பெங்களூர்ல படுத்துக்கிட்டு நீ மோட்டாரு போடுவே, இங்க எலி போட்ட வங்குல தண்ணி போயி பக்கத்துத் தோட்டத்துச் சோளம் முழுகும். உங்க பூட்டன் காலத்துல முழுகுன அதே சோளம்.

அட, சொல்ல மறந்துட்டேன். உங்க அம்முச்சி உள்ளார இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறா. உலகத்துலயே பெரிய கண்டுபிடிப்பு எதுன்னு அவளைக் கேட்டா மோட்டாரும்பாளா, டிராக்டரும்பாளா? கிரைண்டரும்பா. 1955ல கோயமுத்தூர்ல பி. சபாபதிங்கறவரு செஞ்சது. ஆட்டாங்கல்லுல கல்லு நிக்கும், குழவி சுத்தும். அவரு அதைத் திருப்பிப் போட்டாரு, கல்லு சுத்தட்டும், குழவி நிக்கட்டும்னு. அவ்வளவுதான் ரோசனை. அதுல எத்தனை பொம்பளைகளோட தோள்பட்டை பொழைச்சுச்சு! ஆனா ஒரு கணக்கு அவ இன்னமும் வெச்சிருக்கறா. தோட்டத்துக்கு மோட்டாரு வந்து இருவது வருசம் கழிச்சுத்தான் அடுப்படிக்குக் கிரைண்டர் வந்துச்சு. அதே கரண்டு, அதே கம்பி. மாட்டுக்கு விடுதலை மொதல்ல, அவளுக்கு அப்பறம். இந்தப் பேச்சு வந்தா நான் எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிருவேன். நீயும் கல்யாணம் பண்ணுனா இதைக் கத்துக்குவே.

மிச்சத்தைச் சீக்கிரம் பாப்போம், வெய்யில் வருது.

சோலார் வேலி. நம்ம கொறங்காட்டுக்குக் கிளுவை வேலிதான். போத்தை வெட்டி மழைக்கு முன்னால நட்டா, ரெண்டு தலைமுறைக்கு நிக்கும், ஆடு வேற கடிச்சுக்கும். அதைப் புடுங்கிப்போட்டுத்தான் முள்கம்பி கட்டுனோம். முள்கம்பிக்கு 1874ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்குனவரு கிளிட்டன்னு ஒரு விவசாயி. ஊட்டுல காப்பிக்கொட்டை அரைக்கற மிசினை எடுத்துத்தான் முள்ளை முறுக்கிப் பாத்தாருன்னு கதை சொல்லுவாங்க. அன்னிக்கு அவரு ஊட்டம்மா காப்பி குடிச்சாங்களான்னு எந்தச் சரித்திரத்துலயும் இல்லை. நீ கரண்டு வேலி போடறே, சரி. பன்னி நிக்கும். மயிலு? அது பறக்குமே சாமி. மொசலுக்கு வலை கட்டி, நாயை விட்டு வெரட்டுன காலம் ஒண்ணு இருந்துச்சு. நான் போனதில்லை, வலை மட்டும் என்னுது. அதே 1972ல வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, வலை பரண்ல ஏறிருச்சு. இப்ப மயிலு வந்து நெலக்கடலையைப் பறிச்சுத் தின்னுபோட்டு, என்ற முன்னாலயே தோகை விரிக்குது. தேசியப் பறவை, நான் எந்திரிச்சு நிக்கோணுமா உக்காந்திருக்கோணுமான்னு தெரியலை.

சொட்டுநீரு. இது நல்லது, மறு பேச்சில்லை. இஸ்ரேல்ல சிம்கா பிளாஸுன்னு ஒரு தண்ணி இஞ்சினியரு, கசியற கொழாய்க்குப் பக்கத்துல ஒரு மரம் மட்டும் பெரிசா வளந்திருந்ததைப் பாத்து ரோசனை பண்ணுனாராமா. 1965ல அதைக் கம்பெனியாவே ஆரம்பிச்சாங்க. சிறு விவசாயிக்கு முழு மானியம், உடனே எழுதிக் குடு. ஆனா அணிலுக்கும் அது நல்லதுதான். தாகம் எடுத்தா வாய்க்காலுக்குப் போகாது, டியூப்பைக் கடிக்கும். அங்கங்க ஒரு கொட்டாங்குச்சியில தண்ணி வெச்சுரு. கொட்டேசன்ல இந்த ஐட்டம் இல்லை, நான் சேத்திருக்கறேன்.

டிரோனு. பத்து லிட்டரு மருந்தைத் தூக்கிக்கிட்டு, ஒரு ஏக்கராவைப் பத்து நிமிசத்துல முடிக்குமாமா. மருந்தடிக்கறவன் மூக்குல மருந்து போகாதுன்னா அதுக்கே காசு குடுக்கலாம். நான் முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு அடிச்சு, ராத்திரி முச்சூடும் வாந்தி எடுத்தவன். ஆனா நாலு ஏக்கராவுக்குச் சொந்தமா ஒண்ணு எதுக்கு? முக்கா மணி நேர வேலை. மிச்சம் இருக்கற நாளெல்லாம் அது என்ன பண்ணும், அம்முச்சிக்கு வெங்காயம் வாங்கியாறுமா? வாடகைக்குக் கூப்புடு.

இந்தா, கொட்டேசனைப் புடி. பன்னண்டு பக்கத்துல நாலு பக்கத்துக்கு டிக்கு அடிச்சிருக்கறேன். மிச்சம் எட்டுப் பக்கத்துல பின்னால வெள்ளையா இருக்குது, பால் கணக்கு எழுத அம்முச்சி கேட்டா, குடுத்துட்டுப் போ.

அப்பறம், கட்டுத்தரை மூலையில கெடக்கற பழைய கவலை உருளையைக் கழுவி, வார்னீஸ் அடிச்சு, கேட்டுக்கு மேல அழகுக்கு மாட்டோணும்னு கேட்டியல்ல? எடுத்துக்கோ. வடக்கயிறும் வேணும்னியே, அது முடியாது. பொடக்காளியில துணி காயப் போடறதுக்குக் கட்டியிருக்கறா. அறுவது வருசமாச்சு, இன்னமும் ஒரு பிரி அவுந்து போகலை. வேணும்னா நீயே உள்ளார போயி கேட்டுப் பாரு. நான் தோட்டத்துக்குப் போறேன்.